ஒரு செடிக்கு மட்டும் கத்தியை நெருப்பில் காட்டிய மகனுக்கு

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்க மாட்டேன். நீ நலம் என்பது மதுரையிலிருந்து நேற்று நீ அனுப்பிய படத்திலேயே தெரிகிறது. ஜவுளிக்கடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாய். பக்கத்தில் நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண், எதிரே அவளுடைய அம்மா, நடுவில் பிரித்துப் போட்ட புடவைகள். உன் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்கு நாலு நல்ல வார்த்தை எழுது என்று உன் அப்பா சொன்னார். எழுதுகிறேன், அதில் நல்ல வார்த்தை எத்தனை இருக்கும் என்று மட்டும் கேட்காதே. முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சாவகாசமாகத் திட்டுகிறேன். ரங்கத் ஊரில் உன் வாடகை வீட்டுக்குப் பின்னால் நிழல்வலைக்குக் கீழே நீ வைத்திருந்த ஆர்க்கிட் செடிகள் இப்போது இல்லை. ஊர் திரும்பியதும் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் விற்றுத் தீர்த்துவிட்டு தீவை விட்டே மெயின்லேண்டில் போய்க் குடியேறப் போவதாகச் சொன்னாயே, அதே செடிகள்தான். ஒன்று விடாமல் எரித்துவிட்டேன். எவனோ பொறாமையில் செய்துவிட்டான் என்று போலீஸிடம் ஓடாதே. நான்தான் செய்தேன், பட்டப்பகலில், நீ என்னிடம் கொடுத்து வைத்த மாற்றுச்சாவியால் கதவைத் திறந்து.

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேனே என்று அலுத்துக்கொள்ளாதே, இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. போர்ட் பிளேர் ஹேடோவில் நம் வீட்டு வராண்டாவில் நான் ஆர்க்கிட் வளர்க்கத் தொடங்கியது நீ பிறப்பதற்கு முன்பே. உன் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. எனக்குப் பேச்சுத்துணை கிடையாது. ஒரு பக்கத்து வீட்டில் பெங்காலி, மறுபக்கம் தெலுங்கு, எல்லோருக்கும் பொதுவான ஹிந்தி எனக்கு அப்போது வராது. செடிதான் துணையாக இருந்தது. தேங்காய் மட்டையும் கரியும் உடைந்த ஓடும் போட்டுக் கட்டிவிட்டால் இந்த ஊர் ஈரக்காற்றைக் குடித்தே பிழைத்துக்கொள்ளும், பூக்கும்போதுதான் பொறுமையைச் சோதிக்கும். ஒரு இதழ் மடங்கிக்கொண்டு வரும், கீழுதடே இல்லாமல் ஒரு பூ வரும், இரண்டு பூ ஒட்டிப் பிறக்கும். அதற்காகச் செடியைப் பிடுங்கி எறிகிறவள் நான் இல்லை. மொட்டு விட்ட பிறகு தொட்டியைத் திருப்பி வைத்துவிட்டோமா, வெளிச்சத்தைத் தேடித் தண்டு முறுக்கிக்கொண்டதா என்று பார்ப்பேன். மொட்டுக்குள் பேன் புகுந்து சாற்றை உறிஞ்சியிருக்கிறதா என்று ஊதிப் பார்ப்பேன். மழை நின்று திடீரென்று வறண்ட காற்று அடித்ததா என்று யோசிப்பேன். ஒன்றும் அகப்படாவிட்டால் அடுத்த பூ வரட்டும் என்று விட்டுவிடுவேன். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த செடிக்கு அந்த விசாரணைகூடக் கிடையாது. இருட்டிலும் புழுக்கத்திலும் நாள்கணக்கில் கிடந்து வந்த செடி முதல் தடவை எப்படிப் பூத்தாலும் இங்கே நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. கப்பல் பூ என்று சொல்லி மன்னித்துவிடுவோம். பெங்காலிக்காரியும் தெலுங்குக்காரியும் அவரவர் பாஷையில் அதையேதான் சொல்வார்கள். எல்லோருமே கப்பலில் வந்து இறங்கிய குடும்பங்கள் என்பதாலோ என்னவோ, அந்த மன்னிப்பு எங்களுக்குச் சுலபமாக வந்தது.

அதற்கு ஒரு எல்லை உண்டு என்பதையும் நீ பார்த்திருக்கிறாய். நீ ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது ஒரு ஊதாச் செடியை உனக்கென்று கொடுத்தேன். உதடு இல்லாமல் பூத்தது. பொறுத்தேன். அடுத்த தடவையும் அதே மாதிரி வந்தது. நீ பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வந்து, உலகத்திலேயே இந்த மாதிரிப் பூ இது ஒன்றுதான் என்று அளந்துகொண்டிருந்தாய். நான் அவர்கள் முன்னாலேயே அந்தப் பூந்தண்டைக் கிள்ளி எறிந்தேன். "இது அதிசயம் இல்லடா, கோளாறு. கோளாற கோளாறுன்னு சொல்லிப் பழகு" என்றேன். அன்று நீ சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். பெற்றவளா நீ என்று உன் அப்பா என்னைக் கேட்டார். இன்று அந்தப் பையன் எதிரே வந்து நின்றாலும் அதையேதான் செய்வேன். போன வாரம் போனில் அந்தக் கதையையும் இழுத்தாயே, "கோணலா எதக் காட்டுனாலும் நீ கிள்ளிப் போடுவ, அதான் மறைக்கக் கத்துக்கிட்டேன்" என்று. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஊதாச் செடியில் ஊர் ஏமாந்ததைத் தவிர யாருக்கும் நஷ்டம் இல்லை. இப்போது நீ மறைத்ததில் இரண்டு வீட்டில் செடியே இல்லை. என் வளர்ப்பைக் குறை சொல்வதற்கு முன் அதற்குப் பதில் சொல்லு.

ரங்கத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்த பிறகு நீ செடி வியாபாரம் தொடங்கினாய். மெயின்லேண்டிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கினாய். பக்கத்துத் தீவான லாங் ஐலண்ட் வரைக்கும் உன் செடி போகிறது என்று கேள்விப்பட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் ஒரு மஞ்சள் பூச்செடி கொடுத்தாய். அதை என் செடிகளுக்கு நடுவில் தொங்கவிட்டு, வந்தவர் போனவரிடமெல்லாம் மகன் கொடுத்தது என்று பீற்றிக்கொண்டேன். ஷிபானியிடமும் பீற்றினேன். ரங்கத்துக்கு அந்தப் பக்கம் வயல் வைத்திருக்கிற பெங்காலி வீட்டுக்காரி, ஆஸ்பத்திரிக்குப் போர்ட் பிளேர் வரும்போதெல்லாம் நம் வீட்டில் தங்கிப் போகிறவள், நீ மாசி, நம் பாஷையில் சித்தி, என்று கூப்பிடுகிறவள். புயலில் முறிந்து விழுந்த கிளைகளில் ஒட்டியிருந்த ஆர்க்கிட்டுகளை அவளுடைய புருஷன் எடுத்து வந்து வீட்டு மரங்களில் கட்டிக் கொடுத்திருந்தார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், செடிகள் இருந்தன. அவற்றுக்குத் துணையாக இருக்கட்டும் என்று, என் பேச்சை நம்பி, உன்னிடம் புதுச்செடிகள் வாங்கினாள். முதல் பூ கசங்கிய காகிதம் மாதிரி வந்தது. தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஹேடோவுக்கே வந்துவிட்டாள். "தீதி, தேகோ நா. ஜஹாஜ்வாலா ஃபூல் ஹை க்யா?" என்று அக்கா முறை சொல்லிக் கேட்டாள். ஆமாம், கப்பல் பூதான், அடுத்தது நன்றாக வரும் என்று நானும் சொல்லி அனுப்பினேன். அடுத்ததும் கோணலாக வந்தபோது அவள் உன்னிடம் கேட்டாள். நீ நேரிலேயே போனாய். கப்பல் அலுப்பு இன்னும் தீரவில்லை மாசி என்று சொல்லிவிட்டு, உதவி செய்கிற மாதிரி, உன் பாக்கெட் கத்தியாலேயே அவளுடைய பழைய செடிகளையும் பிரித்துக் கட்டிக் கொடுத்தாய். அவள் உனக்கு மீன்குழம்பு வைத்துச் சோறு போட்டாள்.

பிறகு என் வீட்டிலும் பூத்தது. எத்தனையோ வருடமாக மாசுமறு இல்லாமல் பூத்துக்கொண்டிருந்த செடி, இந்தத் தடவை இதழெல்லாம் திட்டுத் திட்டாக நிறம் சிதறி, ஓரம் சுருண்டு வந்தது. பக்கத்துத் தொட்டியிலும் அப்படியே. நான் தொட்டியைத் திருப்பவில்லை, பேன் இல்லை, காற்று சரியாகத்தான் இருந்தது. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது உள்ளே கறுப்புக் கீறல்கள் தெரிந்தன. அது என்னவென்று உனக்கும் எனக்கும் தெரியும். வைரஸ். மருந்து கிடையாது. சீக்குச் செடியை வெட்டிய கத்தி அடுத்த செடியில் பட்டால் போதும், ஏறிக்கொள்ளும். அதனால்தான் ஒவ்வொரு செடிக்கும் கத்தியை நெருப்பில் காட்டி எடுக்க வேண்டும். உனக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தபோதே இதையும் சொல்லிக் கொடுத்தேன். உடனே உனக்குப் போன் செய்தேன். "இந்தச் சரக்க எங்கடா எடுத்த?" என்றேன். "மெயின்லேண்ட்ல ஒரு எடத்துல கழிச்சுப் போட்டதும்மா. சஸ்தாவா, பாதி வெலைக்குக் கெடச்சுச்சு" என்றாய். சீக்குச் செடி என்று தெரியுமா என்று கேட்டதற்கு, "சத்தியமா தெரியாதும்மா. ஒரு டவுட்டு இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றாய். அடுத்த நொடியே உனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "பூதானம்மா. யாரும் சாகலையே. கப்பல் பூன்னு சொன்னா கேட்டுக்கிறாங்க, நீதான சொல்லிக் குடுத்த? ஞாயித்துக்கெழம மிச்சத்தையும் தள்ளிவிட்டுட்டு கப்பல் ஏறிட்டா அப்பறம் என்னைய யாரு தேடப் போறா?" என்றாய். நாங்கள் வாய்விட்டுச் சொன்ன ஒரு மன்னிப்பை எடுத்து எல்லோர் காதிலும் பூவாகச் சுற்றிவிட்டு, அதற்கு என்னையே சாட்சியாகவும் கூப்பிடுகிறாய். நான் போனை வைத்துவிட்டேன்.

டவுட்டு என்று நீ சொன்னதை அன்று சாயங்காலம் வரைக்கும் நான் நம்பினேன். பெற்ற வயிறு, அப்படித்தான் நம்பும். தண்ணீர் ஊற்றப் போனபோதுதான் வராண்டாவின் அந்தக் கோடியில் தனியாகத் தொங்கிய வெள்ளைச் செடி கண்ணில் பட்டது. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு அதை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்தாய். அந்தப் பெண் ஒரு வெள்ளை ஆர்க்கிட் கேட்டாளாம், கல்யாணத்துக்கு அப்புறம் கூடவே கொண்டுபோக வேண்டுமாம். "இதத் தனியா வைம்மா. உன் செடிங்களோட சேக்காத. தண்ணி ஊத்துற குவளகூட தனியா இருக்கட்டும்" என்றாய். அன்றைக்கே என் செடிகளையும் பிரித்துக் கொடுத்தாய். ஒரு தொட்டி முடிந்ததும் கத்தியை லுங்கியில் துடைத்துவிட்டு அடுத்த தொட்டிக்குப் போனாய், அதை நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், மகன் கை என்று கேட்காமல் விட்டேன். கடைசியில் வெள்ளைச் செடியில் ஒரு காய்ந்த வேரை வெட்ட வேண்டியிருந்தது. அப்போது மட்டும் லைட்டரை எடுத்தாய். கத்தி சிவக்கும் வரை நெருப்பில் காட்டி, ஆற வைத்து, பிறகு வெட்டினாய். "வரப்போற பொண்டாட்டி செடிக்கு மட்டும் ராஜ உபசாரமாடா?" என்று நான் கேலி செய்தேன். நீயும் சிரித்தாய். இப்போது சொல்லு, ஒரு செடிக்கு மட்டும் நெருப்பைத் தேடியவனுக்கு இருந்தது டவுட்டா? உனக்கு அன்றே தெரியும். உன் கத்தியில் சீக்கு இருப்பது தெரியும், என் செடிகளுக்கு அது ஏறப்போவதும் தெரியும். அன்பில்லாத பிள்ளை என்றால் எனக்கு இவ்வளவு எரியாது. உனக்கு அன்பு செய்யத் தெரிகிறது, யாருக்கு வேண்டாம் என்றும் தெரிகிறது. வேண்டாதவர்களில் நானும் ஒருத்தி என்பதை என் வராண்டாவிலேயே நின்று காட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாய்.

என் செடிகளை முதலில் எரித்தேன். உன் அப்பாதான் கொல்லையில் தகர டிரம்மை உருட்டி வந்து வைத்தார். பச்சைச் செடி எரியாது, மண்ணெண்ணெய் ஊற்றினாலும் கீரை மாதிரி வேகும். அந்த வாடை வீட்டுக்குள் வந்தது. வாய்விட்டு அழுதேன், உன்னைத் திட்டிக்கொண்டே அழுதேன், நீ நாசமாகப் போக வேண்டும் என்றுகூட வாயில் வந்தது, அதை விழுங்கவில்லை. மறுநாள் ரங்கத் பஸ் ஏறினேன். ஷிபானி பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்தாள். அவளிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். நீ வெட்டிக் கொடுத்த மரத்துச் செடிகளையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்றபோது அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போய் ஒவ்வொரு கட்டாக அவளே அவிழ்த்துக் கொடுத்தாள், அவள் புருஷன் கை போட்ட முடிச்சுகள். அங்கிருந்து உன் வீட்டுக்கு வந்தோம். நிழல்வலைக்குக் கீழே பாதிக்கு மேல் பூத்திருந்தது, கோணலும் கீறலுமாக. கப்பல் பூ, அபூர்வ ரகம் என்று நீ சீட்டெழுதிக் கட்டியிருந்ததையும் பார்த்தேன். தீக்குச்சியைக் கிழிக்கும்போது ஷிபானி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தீதி, பச்சா ஹை. சோட் தோ" என்றாள். சின்னப் பிள்ளை, விட்டுவிடு என்று உனக்காகக் கெஞ்சியது அவள்தான், எல்லாவற்றையும் இழந்துவிட்டு நின்றவள். "பச்சா நஹி ஹை" என்று சொல்லிவிட்டுக் கொளுத்தினேன். நீ காப்பாற்றிய வெள்ளைச் செடியை மட்டும் எரிக்கவில்லை. இலையில் ஒரு கீறல்கூட இல்லை, அவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றியிருக்கிறாய். அதைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஷிபானியின் மடியில் வைத்தேன், வேண்டாம் என்றாள், வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

நல்ல வார்த்தை கேட்டாயானால் இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. கோணல் பூ எல்லோர் வீட்டிலும் பூக்கும், உன் வீட்டிலும் பூக்கும், அதற்கு யாரும் வெட்கப்பட வேண்டாம். ஒரு தடவை பொறு, இரண்டாவது தடவை காரணத்தைத் தேடு. சீக்கு என்று தெரிந்துவிட்டால் அன்றைக்கே அந்தச் செடியைத் தூக்கு, அது எவ்வளவு செல்லமாக இருந்தாலும். நீ அடுத்த கப்பலில் வந்து இறங்கினால் ஹேடோ வீட்டில் உனக்குச் சோறு உண்டு. உன் அப்பா போடுவார். நான் எழுந்து வந்து பரிமாறுவேன் என்று எதிர்பார்க்காதே. கல்யாணத்துக்கு வருவேனா என்பது உன் கையில் இருக்கிறது. ரங்கத்திலும் லாங் ஐலண்டிலும் உன்னிடம் செடி வாங்கிய ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நீயே போய் நின்று, நான் கொடுத்தது சீக்குச் செடி, எரித்துவிடுங்கள் என்று சொல். அவர்கள் திட்டுவதை நின்று கேள். அதைச் செய்துவிட்டு வந்து கூப்பிடு.

நீ போய் நிற்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும் என்பதால், இதை நம் தீவுச் செடிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். நீ விற்றது முக்கால்வாசியும் அங்கே இருக்கிறவர்களுக்குத்தான். படித்ததும் அவரவர் வீட்டில் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும். உன் அப்பா பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்தார். "இந்தா பாரு, எல்லாம் போடு. பேர மட்டும் போட்டுறாத. கல்யாணத்துக்கு நிக்கிற பய" என்றார். அவர் என்னிடம் எதையும் கேட்கிற மனிதர் இல்லை, கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம். ஆனால் பெயர் இல்லாமல் போட்டால் யார் செடி என்று யாருக்குத் தெரியும்? கீழே தனியாக உன் பெயரை எழுதினேன், அவருடைய இனிஷியலோடு.

மேலே உள்ளதெல்லாம் குழுவுக்குப் போய்விட்டது. இது உனக்கு மட்டும். அனுப்பி முடித்த கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் எனக்குப் போன் செய்தாள். குழுவில் அவள் இல்லை, ஒன்றும் படித்திருக்கவில்லை. "நல்லாருக்கீங்களா அத்தை? செடியெல்லாம் சீக்கு வந்து வீணாப் போச்சாமே, அவரு சொன்னாரு. பாவம், ஒண்ணும் தெரியாம வாங்கிட்டாராம். நீங்க ரொம்பக் கோவமா இருக்கீங்களாம், கொஞ்சம் மன்னிச்சுருங்க அத்தை" என்றாள். உனக்காக வக்காலத்து வாங்குகிறாள், குரல் அவ்வளவு இதமாக இருந்தது. நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். அவளுடைய வெள்ளைச் செடியும் போய்விட்டதா என்று கேட்டாள். இல்லை, அது நன்றாகத்தான் இருக்கிறது, கஷ்டப்பட்ட ஒருத்தியிடம் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவளுக்குச் சந்தோஷம்தான். "பரவாயில்ல அத்தை. ஆனா அத்தன செடியில அது மட்டும் எப்படி அத்தை தப்பிச்சுச்சு?" என்று கேட்டாள். அதிர்ஷ்டம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். உன் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கு மட்டும் கத்திய நெருப்புல காட்டுனான்மா" என்றேன். எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். "அப்ப உங்க செடிக்கு?" என்றாள். "எங்களுக்குக் காட்டல" என்றேன். அவள் போனை வைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் நீ யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அவள் உன்னைக் கூப்பிடவில்லை.